சோறு கொண்டு வந்தவள்

போன திங்கட்கிழமை சூலக்கரைக்குப் போய் ஒரு மனு கொடுத்துவிட்டு வந்தேன். கலெக்டர் ஆபீஸில் மனு கொடுப்பது எனக்குப் புதிதல்ல. இருபது வருஷமாகத் திங்கட்கிழமை தோறும் அந்த வளாகத்து மரத்தடியில் உட்கார்ந்து அடுத்தவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். வாசலில் டீ விற்கிறவர் என் தலையைப் பார்த்ததும் சீனி இல்லாமல் ஆற்ற ஆரம்பித்துவிடுவார். மனுவைக் கம்ப்யூட்டரில் பதிகிற பெண்ணுக்கும் என்னைத் தெரியும். “யார் மேல புகார்ம்மா?” என்று கேட்டாள். “என் மேலதான்” என்றேன். கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே படிக்க ஆரம்பித்தவள், பாதியில் நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

இனி இதை ஊரில் பலவிதமாகப் பேசுவார்கள். அடுத்த தடவை கட்சியில் கவுன்சிலர் சீட்டுக் கிடைக்காது என்று தெரிந்துதான் இந்தக் கூத்து என்பார்கள். கிழவிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்பார்கள். எனக்கு ஐம்பத்திரண்டு வயதுதான் ஆகிறது, ஆனாலும் சொல்வார்கள். அவர்கள் வாயில் அரைபடுவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

மேடையில் என்னை அறிமுகப்படுத்துகிறவர்கள் எல்லாரும் ஒரே கதையைத்தான் எடுப்பார்கள். சீல் வைத்துக் கிடந்த பட்டாசுக் கம்பெனியைத் தீபாவளிக்கு முன்னால் திறக்க வைத்த வீராங்கனை, முந்நூறு வீட்டில் அடுப்பு எரிய வைத்த தாய், இன்னும் என்னென்னவோ. அப்போதெல்லாம் நான் தலையைக் குனிந்துகொள்வேன். எவ்வளவு அடக்கம் பாருங்கள் என்று அதற்கும் கைதட்டுவார்கள். எனக்கு அடக்கம் கிடையாது, அது என்னோடு ஒரு நாள் பழகியவர்களுக்குக்கூடத் தெரியும். நான் தலையைக் குனிந்தது வெட்கத்தினால்.

நான் பிறந்தது ஆமத்தூர்ப் பக்கம் ஒரு கிராமம். வாக்கப்பட்டதும் அதே ஊர்தான். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் பருத்தி எடுத்தார்கள், களை வெட்டினார்கள். மழை பொய்த்துக் காடு தரிசாகக் கிடந்த வருஷங்களில் கம்பெனி பஸ் எங்கள் தெரு முனைக்கு வர ஆரம்பித்தது. எங்கள் சனம் மொத்தமும் காட்டை விட்டுவிட்டு பஸ்ஸில் ஏறியது. பதினெட்டு வயதில் நானும் ஏறினேன். எம். புதுப்பட்டி தாண்டி ஒரு கம்பெனியில் திரி வைத்தேன், பிறகு புஸ்வாணத்துக்கு மருந்து செலுத்தினேன்.

அங்கே எங்களுக்குப் போர்மேனாக இருந்தவரும் எங்கள் ஊர்க்காரர்தான். அவருடைய அப்பாவின் காட்டில்தான் என் அப்பா வேலை பார்த்தார். அந்த உரிமையில் கம்பெனியிலும் எங்களை ‘ஏய்’, ‘வாடி’, ‘போடி’ என்றே கூப்பிடுவார். ஒரு நாள் மாசமாக இருந்த ஒரு பெண் இரண்டாம் தடவை வெளியே போகக் கேட்டதற்கு, எல்லார் முன்னாலும் காது கூசுகிற மாதிரி ஒன்று சொன்னார். எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ. “இது உங்கய்யா காடு இல்ல. வாடி போடிங்கறத எல்லாம் உங்க வீட்டுல வச்சுக்கிடுங்க” என்று கத்திவிட்டேன். மறுநாள் பஸ்ஸில் என்னை ஏற்றக் கூடாது என்று டிரைவருக்கு உத்தரவு. நான் பஸ்ஸுக்கு முன்னால் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

தன்னந்தனியாக உட்கார்ந்திருந்தால் பத்து நிமிஷத்தில் இழுத்துப் போட்டிருப்பார்கள். பஸ்ஸில் இருந்து ஒருத்தி இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். எங்கள் தெருவில் நான்கு வீடு தள்ளிக் குடியிருந்தவள். வேலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. என் வீட்டுக்காரருக்குத் தங்கச்சி முறை, அதனால் எனக்கு நாத்தனார், நான் அவளுக்கு மதினி. “மதினி, ரோடு சுடுது, கொஞ்சம் தள்ளி உக்காருங்க” என்றாள். அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே இன்னும் பத்துப் பேர் இறங்கினார்கள். அன்றைக்குப் பஸ் போகவில்லை. அந்த வாரமே சங்கம் ஆரம்பித்தோம். முதல் நம்பர் அட்டை எனக்கு, இரண்டாம் நம்பர் அட்டை அவளுக்கு.

அதற்குப் பிறகு போர்மேன் எங்களை வாம்மா, போம்மா என்று கூப்பிடப் பழகிக்கொண்டார். நிழலுக்கு ஷெட் போட வைத்தோம், கக்கூஸ் கட்ட வைத்தோம், பஸ்ஸில் நின்றுகொண்டு போவதை நிறுத்த வைத்தோம். எனக்கு வாய்க்காரி என்று பட்டப் பெயர் விழுந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான். ஒரு விஷயத்தில் மட்டும் அந்த வாய் திறக்கவே இல்லை. அதைச் சொல்ல வேண்டுமானால் அறைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மருந்து புழங்கும் அறை ஒன்றில் நான்கு பேர்தான் இருக்கலாம் என்பது சட்டம். அறை வாசலில் வெள்ளைப் பெயின்டில் ‘4 நபர்கள்’ என்று எழுதியிருக்கும். அறைக்கு நான்கு வாசல். ஆளுக்கு ஒரு வாசலை ஒட்டி உட்கார்ந்தால், ஏதாவது பற்றிக்கொண்டாலும் எழுந்து குதித்துவிடலாம். தீபாவளி ஆர்டர் குவிகிற நாட்களில் போர்மேன் அறைக்கு ஒரு ஆளைக் கூடுதலாக உட்கார வைப்பார். அஞ்சாவது ஆள் என்று அவளுக்குப் பெயர். அவள் பெயர் வருகைப் பதிவில் இருக்காது. அவள் உட்காரும் இடம் நடுவில். நான்கு பேருக்கு நான்கு வாசல், அஞ்சாவது ஆளுக்கு வாசல் கிடையாது.

இது கம்பெனி எங்கள் மேல் சுமத்திய கொடுமை என்று எழுதிவிட்டால் எனக்கு வசதியாக இருக்கும். உண்மை அப்படி இல்லை. எங்களுக்கும் அது வேண்டியிருந்தது. அறைக்கு ஒரு ஆள் கூடினால் இன்னொரு வீட்டுக்கும் சீசன் கூலி கிடைக்கும். ஒரு வாரம் நீ, ஒரு வாரம் நான் என்று அஞ்சாவது ஆளாக முறை வைத்துக்கொண்டோம். சங்கக் கோரிக்கைகளில் அதைச் சேர்த்தால் எங்கள் பெண்களே என்னோடு சண்டைக்கு வருவார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் ஒரு தடவைகூட அதை நான் எழுதவில்லை.

அதிகாரிகளின் ஜீப் கேட்டுக்குள் நுழைந்தால் வாட்ச்மேன் விசில் கொடுப்பார். அஞ்சாவது ஆட்கள் எல்லாரும் பின்பக்கம் உள்ள கருவேலங்காட்டுக்குள் ஓடிவிடுவார்கள். ஜீப் போன பிறகு முள் கிழித்த காலோடு வந்து உட்காருவார்கள். ஒரு நாள் விசில் சத்தம் கேட்பதற்கு முன்னால் ஜீப் எங்கள் அறை வரைக்கும் வந்துவிட்டது. அன்றைக்கு அஞ்சாவது ஆள் என் நாத்தனார். எழுந்து நின்று முழித்தாள். நான் வெளியே கிடந்த என் தூக்குச்சட்டியை எடுத்து அவள் கையில் திணித்தேன். “எனக்குச் சோறு கொண்டாந்தேன்னு சொல்லு” என்றேன்.

அவள் என்னைவிடக் கெட்டிக்காரி. அதிகாரி கேட்பதற்கு முன்னாலேயே அவளாக ஆரம்பித்துவிட்டாள். “நீங்களே கேளுங்க சாரு. காலைல ஒருவாய் சாப்புடாம ஓடியாந்துட்டாக எங்க மதினி. மயங்கி விளுந்தா யாரு பாக்கது? எங்கண்ணன் என்னையத்தான வைவாரு?” அந்த மனிதர், பட்டாசு ரூமுக்குள்ளேயா சோற்றைக் கொண்டு வருவது, வெளியே நில்லு என்று சத்தம் போட்டுவிட்டுப் போய்விட்டார். நாங்கள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தோம். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது.

அதற்கப்புறம் யாரும் கருவேலங்காட்டுக்கு ஓடவில்லை. அஞ்சாவது ஆள் எங்கே உட்கார்ந்தாலும் பக்கத்து வாசலில் ஒரு தூக்குச்சட்டி இருக்கும். ஜீப் வந்தால் அதை எடுத்துக்கொண்டு வெளியே நடப்பாள். முள் குத்தாமல் தப்பிக்க வழி கண்டுபிடித்தவள் நான் என்று கம்பெனி முழுவதும் பேச்சு. கெட்டிக்காரத்தனத்துக்குக் கிடைத்த பாராட்டு என்று அதையும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

விபத்து நடந்து ஆறு தீபாவளி ஆகிறது. அப்போது நான் அறை வேலையை விட்டுவிட்டு முழு நேரச் சங்க வேலைக்கு வந்திருந்தேன். காலை பத்து மணி இருக்கும். சத்தம் கேட்டது. எங்கள் பக்கத்தில் சத்தம் கேட்டால் எல்லாரும் முதலில் வானத்தைத்தான் பார்ப்போம், புகை எந்தத் திசையில் வருகிறது என்று தெரிந்துகொள்ள. அது எங்கள் கம்பெனித் திசை. நான் போய்ச் சேர்ந்தபோது அறையின் ஒரு சுவர்தான் நின்றது. மருந்து செலுத்தும்போது உராய்ந்து பற்றியிருக்கிறது. வாசலை ஒட்டி உட்கார்ந்திருந்த நான்கு பேரும் குதித்துத் தப்பிவிட்டார்கள், சின்னச் சின்னக் காயம்தான். நடுவில் இருந்தவள் மருந்துத் தட்டைத் தாண்டித்தான் வரவேண்டும். இரண்டு கையையும் முகத்துக்கு முன்னால் வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். முகம் தப்பியது, கை தப்பவில்லை. அந்த வாரத்து அஞ்சாவது ஆள் என் நாத்தனார்தான்.

அன்றைக்குச் சாயங்காலமே கம்பெனிக்குச் சீல் வைத்தார்கள். தீபாவளிக்கு ஐந்து வாரம் இருந்தது. மூன்றாம் நாள் எங்கள் தெருவிலும் பக்கத்து ஊர்களிலும் இருந்து பெண்கள் கூட்டமாக என் வீட்டுக்கு வந்தார்கள். அழுதார்கள், திட்டினார்கள். “ஒருத்திக்கு ஆனதுக்கு எல்லாரும் பட்டினி கெடக்கணுமாக்கா?” என்று ஒருத்தி கேட்டாள். நான் அவளை அடிக்கப் போனேன். ஆனால் மற்றவர்கள் யாரும் அவளைத் தடுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. எல்லாருடைய கேள்வியும் அதுதான் என்று புரிந்தது.

மறுநாள் காலையில் கம்பெனி மேனேஜரும் போர்மேனும் வந்தார்கள். போர்மேனின் குடும்பத்தில் எங்கள் தெருவுக்குள் வந்து ஒரு வீட்டில் உட்கார்ந்த முதல் ஆள் அவர்தான். பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்தார். டீ கொடுத்தால் எடுப்பாரோ மாட்டாரோ என்று தயங்கிக் கொடுத்தேன். எங்கள் வீட்டு டம்ளரில் வாய் வைத்துக் குடித்தார். என் அப்பாவுக்கு அவருடைய வீட்டில் சிரட்டையில் ஊற்றிய காலம் எனக்கு நினைவு இருக்கிறது. அவர் டம்ளரைக் கீழே வைத்த சத்தத்தைக் கேட்டதும் எனக்குள் ஏதோ குளிர்ந்துபோனது. அதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை. அந்த ஒரு டம்ளர் டீயில் நான் பாதி விழுந்துவிட்டேன்.

“அந்த ரூமுல அஞ்சு பேரு வேலை பாத்தாகன்னா லைசென்ஸே போயிரும். இந்த சீசன் இல்ல, எந்த சீசனும் கெடையாது” என்றார் மேனேஜர். போர்மேன் என்னைப் பார்த்துச் சொன்னார். “நாலு பேருதான் வேலை பாத்தாக. அந்தப் புள்ள சோறு கொண்டு வந்த புள்ள. ரிஜிஸ்டர நாங்க மாத்திக்கிடுதோம். நாங்க சொன்னா நம்ப மாட்டாக. சங்கத்துத் தலைவி நீங்க சொன்னீகன்னா அம்புட்டுப் பேரும் நம்புவாக.” ஆஸ்பத்திரிச் செலவைக் கம்பெனி பார்த்துக்கொள்ளும், ஆறு மாசம் கழித்து அவளுக்கு வேறு ஏற்பாடு செய்துவிடலாம் என்றார்கள். முந்நூறு குடும்பம் ஒரு பக்கம், ஒரு வார்த்தை ஒரு பக்கம் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். ஒத்துக்கொண்டேன்.

கிளம்பும்போது போர்மேன், “ஒரு தூக்குச்சட்டி வேணுமே. கம்பெனியில உள்ளது எல்லாத்தையும் ஆளாளுக்கு வீட்டுக்குக் கொண்டு போயிட்டாக” என்றார். சேதமான அறைக்குப் பக்கத்தில் அது கிடக்க வேண்டுமாம். நான் உள்ளே போய்ப் பாத்திரங்களைக் கிளறினேன். என் கல்யாணத்துக்கு வந்த சட்டியில் என் பெயர் வெட்டியிருந்தது. பெயர் வெட்டாத சட்டியாகத் தேடி எடுத்துக் கொடுத்தேன். அவசரத்தில் தடுமாறிச் செய்ததாக நான் சொல்ல முடியாதது இதனால்தான். பெயர் இல்லாத பாத்திரம் தேடுகிற அளவுக்கு எனக்கு நிதானம் இருந்தது.

பிறகு மதுரைக்கு, ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவளுக்கு முழங்கை வரைக்கும் கட்டுப் போட்டிருந்தார்கள். புருஷன் சுவரோரம் நின்றான். நான் குனிந்து அவள் காதோரம் எல்லாவற்றையும் சொன்னேன். முந்நூறு குடும்பம் என்று சொன்னேன், சீசன் என்று சொன்னேன். ‘நீ சம்மதிக்காவிட்டால் வேண்டாம்’ என்று மட்டும் சொல்லவில்லை. அவள் மின்விசிறியைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டாள். பிறகு, “சோறு கொண்டு வந்தவன்னா தூக்குச்சட்டி எங்கனன்னு கேப்பாகளே மதினி?” என்றாள். என் பொய்யில் ஓட்டை விழுந்துவிடக் கூடாது என்று அந்த வலியிலும் யோசித்திருக்கிறாள். “அதெல்லாம் வச்சாச்சு” என்றேன். “அப்பச் சரி” என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

மத்தியானம் வாக்குமூலம் எழுத ஆள் வந்தார். எழுதி வாசித்துக் காட்டினார். அவள் தலையை ஆட்டினாள். கையெழுத்து வேண்டும், கை கட்டுக்குள் இருக்கிறது. கால் பெருவிரல் ரேகை வாங்கலாம் என்றார். போர்வையை விலக்கி அவளுடைய இடது காலை நான்தான் பிடித்தேன். மைப் பெட்டியில் பெருவிரலை அழுத்தி, தாளில் அழுத்தி எடுத்தேன். சரியாகப் பதியவில்லை என்று இன்னொரு தடவை வாங்கச் சொன்னார். சாட்சி என்று போட்டிருந்த இடத்தில் என் கையெழுத்தைப் போட்டேன். விரலில் இருந்த மையை என் முந்தானையால் துடைத்தேன். கருவேல முள் குத்திய பழைய தழும்புகளுக்குள் போன மை துடைக்க வரவில்லை.

சூலக்கரை விசாரணையில் என்னை ஒரு கேள்விதான் உருப்படியாகக் கேட்டார்கள். “அந்தப் பெண் உங்கள் சங்க உறுப்பினரா?” நான் தடுமாறவே இல்லை. “முன்னால இருந்தா சார். வேலைய விட்டு ரெண்டு வருசம் ஆச்சு.” இரண்டாம் நம்பர் அட்டைக்காரியைப் பற்றித்தான் சொன்னேன். அந்த அட்டை அவளுடைய வீட்டில் தகரப் பெட்டியில் பத்திரமாக இருந்தது, அந்த வருஷத்துச் சந்தா முத்திரையோடு. அவளோ அவள் புருஷனோ அதைக் கொண்டு வந்து காட்டியிருந்தால் என் பேச்சு அங்கேயே நாறியிருக்கும். காட்டவில்லை. மதினியைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று இருந்துவிட்டார்கள்.

இரண்டு வாரத்தில் சீலை எடுத்தார்கள். கேட்டுக்கு முன்னால் சரவெடி கொளுத்தி என் கழுத்தில் மாலை போட்டார்கள். அன்றைக்கு நான் அடிக்கப் போன பெண்ணே வந்து காலில் விழுந்தாள். அந்தக் கையோடு கட்சிக்காரர்கள் வந்தார்கள். உள்ளாட்சித் தேர்தலில் ஒன்றியக் கவுன்சிலருக்கு நின்றேன். கேட்டைத் திறந்த கதையைச் சொல்லியே ஓட்டுக் கேட்டோம். என் நாத்தனாரும் ஓட்டுப் போட வந்தாள். விரல்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிப்போயிருந்தன. மையை எங்கே வைப்பது என்று வாக்குச்சாவடி அலுவலர் திகைத்து, கடைசியில் மணிக்கட்டை ஒட்டி ஒரு கோடு போட்டார். அதை உயர்த்தி என்னிடம் காட்டிச் சிரித்தாள். நான் ஜெயித்தேன்.

அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். நலவாரிய அட்டைக்கு எழுதிப் போட்டபோது, ஆபீஸில் பழைய கோப்பைப் பார்த்துவிட்டு, நீ தொழிலாளியே இல்லையே என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். “பதினாறு வருசம் மருந்து செலுத்தியிருக்கேன் மதினி. சோறு கொண்டு போன எடத்துல கை போச்சுன்னு எளுதி வச்சிருக்காக. நான் அங்கன வேலை பாத்தேன்னு ஒரு வரி எளுதிக் குடுங்க.” தேர்தல் முடியட்டும் என்றேன். தேர்தல் முடிந்து கேட்டாள். இப்போது எழுதினால் கேஸைக் கிளறிவிடுவார்கள், கொஞ்சம் பொறு என்றேன். மூன்றாவது தடவை தெருவில் எதிரே வந்தபோது அவள் வாயைத் திறப்பதற்கு முன்னால், “நெனப்பு இருக்கு, நெனப்பு இருக்கு” என்று சொல்லிக்கொண்டே ஜீப்பில் ஏறிவிட்டேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. மேனேஜர் சொன்ன வேறு ஏற்பாட்டையும் யாரும் செய்யவில்லை, நானும் போய்க் கேட்கவில்லை. ஊருக்கெல்லாம் மனு எழுதிய எனக்கு அவளுக்காக ஒரு வரி எழுதக் கை வரவில்லை.

கவுன்சிலராக இருந்தபோது வேறு ஒரு கம்பெனிக்கு ஒரு ரோடு விஷயமாகப் போயிருந்தேன். வரிசையாக அறைகள். ஒவ்வொரு அறைக்கும் வெளியே சுவரில் ஒரு ஆணி. ஒவ்வொரு ஆணியிலும் ஒரு அலுமினியத் தூக்குச்சட்டி. எல்லாம் ஒரே அளவு, ஒரே கடையில் மொத்தமாக வாங்கியது. ஒன்றை எடுத்துத் திறந்தேன். உள்ளே பல்லி முட்டைதான் இருந்தது. கூட வந்த அந்தக் கம்பெனிப் போர்மேன் சங்கடமே இல்லாமல் சிரித்தார். “எல்லாம் நீங்க காட்டிக் குடுத்த வளிதான்மா. இப்ப நம்ம பக்கம் பூராம் இதுதான்.” மூடியைப் போட்டு அதே ஆணியில் திரும்ப மாட்டினேன். அப்போதாவது எதையாவது செய்திருக்கலாம். ரோட்டைப் பற்றிப் பேசிவிட்டு வந்துவிட்டேன்.

பதவி முடிந்து வீட்டில் இருக்கிறேன். இந்தச் சீசனில் ஒரு நாள் காலையில் பேப்பரில் ஒரு சின்னச் செய்தி. ஒரு பட்டாசு ஆலை விபத்தில் தொழிலாளர்கள் காயம், அங்கு உணவு கொண்டு வந்த பெண் பலி. அந்தப் பெண்ணின் ஊரோ பெயரோ எனக்குத் தெரியாது. ஆனால் அவள் எங்கே உட்கார்ந்திருந்தாள் என்று தெரியும். அவளுக்குப் பக்கத்தில் கிடந்த சட்டிக்குள் சோறு இருந்திருக்காது என்றும் தெரியும். அவள் தொழிலாளி என்பதையே அழித்த வாக்கியம் என் வாயில் இருந்து போனது. நான் முந்தானைக்குள் சிரித்த சிரிப்பு அவளைக் கொன்றிருக்கிறது. இதைவிட நாசூக்காக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அன்றைக்கே உட்கார்ந்து எழுதினேன். அந்த அறையில் ஐந்து பேர் வேலை பார்த்தார்கள். ஐந்தாவது பெண் பதினாறு வருஷமாக அங்கே தொழிலாளி, எங்கள் சங்கத்தின் இரண்டாம் நம்பர் உறுப்பினர். தூக்குச்சட்டியைக் கொடுத்தது நான். விசாரணையில் பொய் சொன்னது நான். கம்பெனிகளில் அறைக்கு வெளியே தொங்குகிற சட்டிகளைத் திறந்து பாருங்கள் என்று கடைசியில் ஒரு வரி. இரண்டு பக்கம் வந்தது. ஆறு வருஷம் தள்ளிப்போட்டதை எழுத ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். நான்கு வீடுதான். அவள் மகள் சிவகாசியில் பிரஸ்ஸுக்கு வேலைக்குப் போயிருந்தாள், காலண்டர் ஆர்டர் இருப்பதால் ஞாயிறும் உண்டு. புருஷனும் இல்லை. அவள் சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். “வாங்க மதினி, எம்புட்டு நாளாச்சு இங்கன வந்து. சாப்பிட்டீகளா?” என்றாள். குத்திக் காட்டுகிற தொனி அதில் இல்லவே இல்லை. இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து வாசித்தேன். மைக்கைப் பிடித்தால் ஒரு மணி நேரம் விடாமல் பேசுகிற எனக்கு அந்த இரண்டு பக்கத்தை வாசிக்கக் கால் மணி நேரம் ஆனது. ரெண்டாம் நம்பர் உறுப்பினர் என்ற இடம் வந்ததும், “அதையும் எளுதிட்டீகளா?” என்று முகம் மலர்ந்து கேட்டாள். முடிந்ததும் கேட்டாள். “இதக் குடுத்தா உங்களப் புடிச்சு உள்ள போட்டுருவாகளா மதினி?”

“போட்டா போடட்டும்.”

“இம்புட்டு நாளு இல்லாம இப்ப எதுக்கு?” என்றாள். என்னால் பேப்பர் செய்தியைச் சொல்ல முடியவில்லை. மன்னித்துக்கொள் என்று கேட்டுவிட வேண்டும் என்று வழி முழுவதும் நினைத்து வந்த வார்த்தையும் வரவில்லை. குனிந்து பைக்குள் பேனாவைத் தேடினேன். தாளைத் தரையில் விரித்து, காற்றில் பறக்காமல் இருக்க என் மூக்குக்கண்ணாடிக் கூட்டை அதன் மேல் வைத்தேன்.

நிமிர்ந்து பார்த்தபோது அவள் சேலையைக் கணுக்கால் வரைக்கும் மணிக்கட்டால் ஒதுக்கிவிட்டு, இடது காலை என் பக்கம் நகர்த்தி வைத்திருந்தாள். மற்ற விரல்களை மடக்கிக்கொண்டு பெருவிரலை மட்டும் தாளுக்கு நேராகத் தூக்கிப் பிடித்திருந்தாள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நான் தாளோடு வந்தால் காலை நீட்ட வேண்டும் என்று அவளுக்குப் பழக்கமாகியிருந்தது.

“இதுக்கு ரேகை வேண்டாம்த்தா” என்றேன். “இதுல நான் மட்டும் கையெளுத்துப் போட்டாப் போதும்.”

அவள் என் முகத்தையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அப்ப கால எடுத்துக்கிடட்டா மதினி?” என்று கேட்டாள்.